சிங்கப்பூர்ல 20 வெள்ளிக்குள்ள ஒரு நாள் முழுக்க வயிறார சாப்பிடுறது எப்படி

ஊர்லேருந்து யாராச்சும் டூருக்கு வர்றாங்கன்னா எனக்கு மொதல்ல வர்ற வாய்ஸ் மெசேஜ் ஒண்ணேதான், "சாப்பாட்டுக்கு என்னப்பா பண்றது, அங்க எல்லாம் யானை வெலையாமே?" போன மாசம் எங்க மச்சான் குடும்பத்தோட வந்தான், எனக்கு ஓவர்டைம், கூடப் போக முடியல, ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா நாலு பேரு ஒரு மால்ல ஒரு வேளை சாப்பிட்டதுக்கு 110 வெள்ளி பில்லைக் கையில வச்சுக்கிட்டு மொறைக்கிறான். மெனுல பாத்த வெலை வேற, பில்லுல வந்தது வேறங்கறான். மெனுல வெலைக்குப் பக்கத்துல குட்டியா ரெண்டு பிளஸ் போட்டிருக்கும்டா மச்சான், அதப் பாத்தா உஷாராயிடணும், 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜு, அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டின்னு அர்த்தம். ஹாக்கர் சென்டர்னு இங்க பொதுச் சாப்பாட்டுக் கூடங்க இருக்கு, அங்க அந்தக் கதையே கெடையாது, போர்டுல என்ன வெலையோ அதான் வெலை. அந்த 110 வெள்ளில நாலு பேரும் ஒரு நாள் முழுக்கத் தின்னுட்டு மிச்சம் பண்ணியிருக்கலாம்.

(இங்க நம்மாளுங்க டாலரை வெள்ளின்னுதான் சொல்லுவோம், சென்ட்டுக்குப் பேரு காசு. நீங்களும் பழகிக்கங்க.)

மச்சானைச் சொல்றேன், நானும் லேசுப்பட்ட ஆள் இல்ல. வொர்க் பெர்மிட்ல வந்து மொத மூணு வருசம் கேட்டரிங் சாப்பாடுதான், விடியக்காலைல கட்டுன பொட்டலத்தை மத்தியானம் சைட்ல பிரிச்சுத் திங்கறது, ஞாயித்துக்கெழமை ஆனா லிட்டில் இந்தியா பக்கம் இருக்குற தேக்காவுக்குப் போயி ஒரு பிரியாணி, முடிஞ்சது. பக்கத்துக் கடைல என்ன விக்கிறான்னு கூடத் தலையத் திருப்பிப் பாத்தது இல்ல, என்னத்தையோ போட்டுத் தருவான், என்ன கறியோன்னு ஒரு பயம், கேக்குறதுக்கு பாஷை வேற தெரியாது. அப்புறம் எங்க சைட்டு சீன ஃபோர்மேன் அங்கிள் ஒருத்தர்தான் ஒரு நாள் கையப் புடிச்சு ஹாக்கர் சென்டருக்கு இழுத்துட்டுப் போனாரு. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, இதுக்கு பாஷையெல்லாம் வேணாம், ஒரு பத்து பன்னெண்டு வார்த்தை போதும்னு. அந்த வார்த்தைங்களையும் அங்க நடந்துக்குற மொறையையும்தான் சொல்லப் போறேன்.

மொதல்ல ஹாக்கர் சென்டர்னா என்னன்னு. தமிழ்ல போர்டுல உணவங்காடி நிலையம்னு போட்டிருக்கும். பெரிய கொட்டகை மாதிரி, ஏசி கெடையாது, ஃபேன் ஓடும், சுத்தி குட்டிக் குட்டிக் கடைங்க, நடுவுல எல்லாருக்கும் பொதுவா மேசை நாற்காலி. ஒரு காலத்துல இவங்க எல்லாம் தள்ளுவண்டிலயும் நடைபாதைலயும் வித்தவங்கதான், 1971லேருந்து 1986க்குள்ள அரசாங்கம் எல்லாரையும் கொழாய்த் தண்ணி, சாக்கடை வசதியோட இந்த மாதிரி எடங்களுக்கு மாத்திருச்சு. அதனால ரோட்டுக்கடைன்னு பயப்படாதீங்க, சுத்தம் செக் பண்றாங்க. 2020 டிசம்பர்ல யுனெஸ்கோ பட்டியல்லயே இந்த ஹாக்கர் கலாச்சாரத்தைச் சேத்துட்டாங்க. தீவு முழுக்க நூத்துக்கும் மேல இருக்கு. இது போக ஹெச்டிபி பிளாக்குக்கு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுங்களுக்குக் கீழ கோப்பிக் கடை இருக்கும், அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான், சின்ன சைஸ்ல.

உள்ள போனதும் கடையத் தேடாதீங்க, எடத்தப் புடிங்க. மத்தியானம் 12லேருந்து ஒன்றரை வரைக்கும் ஆபீஸ் கூட்டம் வந்து மொய்க்கும், சாப்பாட்டுத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு எடம் தேடி அலையிறது கொடுமை. எடம் புடிக்கிறதுக்கு இங்க பேரு "சோப்". மேசைல ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வச்சா அந்த எடம் உங்களுது, அவ்ளோதான், யாரும் தொட மாட்டாங்க. குடை, ஆபீஸ் பாஸ் எதை வேணா வைப்பாங்க. எனக்கு மொத தடவை இது தெரியாது, யாரோ பாவம் டிஷ்யூவ மறந்துட்டுப் போய்ட்டாங்கன்னு நெனச்சு அதுலயே ஒண்ணை உருவி நாற்காலியத் தொடச்சுட்டு ஜம்முனு உக்காந்தேன், ஒரு நிமிசத்துல ஒரு ஆன்ட்டி நூடுல்ஸ் தட்டோட வந்து என்னையும் டிஷ்யூவையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க பாருங்க. ஒண்ணும் சொல்லல. அந்த ஒண்ணும் சொல்லாததுதான் இன்னும் நெஞ்சுல நிக்குது. தனியா வந்திருந்தா காலியா இருக்குற ஒத்த நாற்காலிய கையக் காட்டி "கேன் ஆ?"ன்னு கேட்டுட்டு உக்காந்துக்கலாம், தெரியாதவங்களோட மேசையப் பங்கு போட்டுக்கறது இங்க சாதாரணம்.

காசு விஷயம். இப்போ உள்ளூர் ஆளுங்க எல்லாம் கியூஆர் ஸ்கேன்தான், ஆனா டூர் வர்றவங்க 2, 5, 10 வெள்ளி நோட்டா வச்சுக்கிறது நல்லது, வெளிநாட்டு கார்டு நெறைய கடைல எடுக்க மாட்டாங்க. காலங்காத்தால ஒன்றரை வெள்ளி கோப்பிக்கு 50 வெள்ளி நோட்டை நீட்டாதீங்க, அங்கிள் மொகத்த நீங்க பாக்க வேணாம்.

ஆர்டர் பண்றப்போ நம்மூரு மாதிரி "அண்ணே என்ன இருக்கு"ன்னு ஆரம்பிச்சு பத்து நிமிசம் பேசக் கூடாது, பின்னாடி கியூ நிக்கும். கியூல நிக்கறப்பவே போர்டுல படத்தைப் பாத்து முடிவு பண்ணிடுங்க, நெறைய கடைல படத்துக்கு நம்பர் இருக்கும். முன்னாடி போனதும் மூணே விஷயம், என்ன, எத்தனை, இங்கயா பார்சலா. பார்சல்னா "தாபாவ்", மலாய் கடைல "புங்குஸ்", டப்பாவுக்கு தனியா 20, 30 காசு கேப்பாங்க. சீனக் கடைல வயசானவங்கள அங்கிள், ஆன்ட்டின்னு கூப்புடுங்க, மலாய் கடைல ஆம்பளைங்களுக்கு "அபாங்", பொம்பளைங்களுக்கு "காக்", அதுல வயசான பொம்பளைங்கன்னா "மக்சிக்". தேக்கால நம்ம கடைங்கள்ல அண்ணன், அக்காதான், சொல்லணுமா என்ன.

இப்போ முக்கியமான பாடம், கோப்பி. இதைக் கத்துக்கிட்டா பாதி சிங்கப்பூர் தெரிஞ்ச மாதிரி. வெறும் "கோப்பி"ன்னு கேட்டா டின் கட்டிப்பால் ஊத்தி இனிப்பா திக்கா வரும். "கோப்பி ஓ"ன்னா பால் இல்லாம சீனி மட்டும், ஓன்னா ஹொக்கியன் பாஷைல கறுப்பு. "கோப்பி சி"ன்னா இனிப்பில்லாத டின் பால், கூட சீனி, நம்ம வீட்டுக் காப்பிக்குக் கொஞ்சம் கிட்ட வர்றது இதுதான். இதுக்குப் பின்னாடி ஒட்டு சேத்துக்கணும். "கொசோங்"னா சீனியே வேணாம், "சியூ தாய்"னா சீனி கம்மி, "காவ்"னா டிக்காஷன் ஸ்ட்ராங், "போ"ன்னா லைட், "பெங்"னா ஐஸ் போட்டு. ஆக ஸ்ட்ராங்கா, டின் பால் விட்டு, சீனி இல்லாம, ஐஸ் போட்டு வேணும்னா "கோப்பி சி கொசோங் காவ் பெங்". கொஞ்சம் முன்னப் பின்ன சொன்னாலும் புரிஞ்சுப்பாங்க. டீக்கும் இதேதான், கோப்பிங்கற எடத்துல "தே"ன்னு போட்டுக்கங்க. ஆத்தித் தர்றது "தே தாரிக்", இஞ்சி போட்டா "தே ஹாலியா". ஃபில்டர் காப்பி ருசிய எதிர்பாத்துக் குடிச்சா ஏமாந்துருவீங்க, இங்க கொட்டைய சீனியும் வெண்ணெயும் போட்டு வறுத்து, துணிப் பையில வடிகட்டுவாங்க, லேசா கருகுன வாசம் இருக்கும், மூணாவது நாள் அதுதான் வேணும்னு மனசு கேக்கும்.

அந்த "கொசோங்" மலாய் வார்த்தை, காலின்னு அர்த்தம், அத மட்டும் கெட்டியா புடிச்சுக்கங்க ஏன்னா ரொட்டி பிராட்டா கடைலயும் அதே வார்த்தைதான். பிராட்டா கொசோங்னா முட்டை எதுவும் போடாத வெறும் பிராட்டா, "தெலூர்" சேத்தா முட்டை பிராட்டா. நம்ம பரோட்டாவோட சித்தப்பா மகன்தான் இது, நம்ம முஸ்லிம் மக்கள் கொண்டு வந்தது, ஆனா நம்மூரு மாதிரி சுருட்டி அடிக்காம வீசி மடிச்சுப் போடுவாங்க, மொறுமொறுன்னு இருக்கும், தொட்டுக்க மீன் கறியோ பருப்புக் கறியோ வரும். சீனப் புள்ளைங்க சீனியத் தொட்டுத் திங்கும், சிரிக்காதீங்க, ஒரு தடவை நீங்களும் தொட்டுப் பாருங்க.

கறி பேருங்க. இதுதான் நம்மாளுங்களுக்குப் பெரிய பயம், அதனால இத செல்போன்ல எழுதி வச்சுக்கங்க. ஆயாம் கோழி, கம்பிங் ஆடு, இக்கான் மீன், உடாங் எறா, தெலூர் முட்டை, சாயூர் காய்கறி. லெம்பு மாடு, பாபி பன்னி. "டாகிங்"னு போட்டிருந்தா பொதுவா கறின்னு அர்த்தம், ஆனா கடைல பெரும்பாலும் அது மாட்டுக்கறிதான், வேணாங்கறவங்க பாத்துக்கங்க. காரம் "பெடாஸ்".

சைவக்காரங்களுக்கு தனியா சொல்லணும். "வெஜிடபிள்"னு கேக்காதீங்க, "வெஜிடேரியன்"னு கேளுங்க. வெஜிடபிள்னா அவங்களப் பொறுத்தவரைக்கும் காய் இருக்குற சாப்பாடு, அதுல கருவாட்டு எறாவோ கொத்துக்கறியோ கூட இருந்தா அது அவங்க தப்பு இல்ல. கங்கோங் கீரைய சம்பால், அதாவது மொளகா விழுது போட்டு வதக்குவாங்க, பாக்கப் பச்சைப் பசேல்னு இருக்கும், சம்பால்ல பெலாச்சான் இருக்கும், அது எறா விழுது. சிப்பி சாஸ், மீன் சாஸ் எல்லாம் கண்ணுக்கே தெரியாது. பேசாம சீன சைவக் கடையத் தேடுங்க, பல ஹாக்கர் சென்டர்ல ஒண்ணாவது இருக்கும், புத்த மதத்துக்காரங்க நடத்துறது, நெறைய எடத்துல வெங்காயம் பூண்டு கூட சேக்க மாட்டாங்க. காலைல அங்க வெஜிடேரியன் பீ ஹூன் கெடைக்கும், நம்ம சேமியா மாதிரி அரிசி நூடுல்ஸ், மேல நீங்க கை காட்டுற அயிட்டத்தை வச்சுத் தருவாங்க. அங்க கோழி, வாத்து மாதிரி தட்டுல கெடக்கும், பதறாதீங்க, எல்லாம் சோயாவும் கோதுமைப் பசையும். எங்க அத்தை அதைப் பாத்துட்டு எந்திரிச்சு வெளிய போய்ட்டாங்க, திரும்பக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

ஹலால் பாக்குறவங்க கடைல முயிஸ் (இங்க உள்ள இஸ்லாமிய சமய மன்றம்) குடுத்த சர்டிபிகேட் ஒட்டியிருக்கான்னு பாருங்க. "நோ போர்க் நோ லார்ட்"னு போர்டு இருந்தா பன்னியும் பன்னிக் கொழுப்பும் இல்லன்னுதான் அர்த்தம், ஹலால்னு அர்த்தம் இல்ல, ரெண்டையும் கொழப்பிக்காதீங்க.

சரி என்ன சாப்பிடுறது. எல்லாத்தையும் சொல்ல முடியாது, எனக்குப் புடிச்சதைச் சொல்றேன். சிக்கன் ரைஸ்தான் மொத அடி, சீனாவோட ஹைனான் தீவுலேருந்து வந்தவங்க கொண்டு வந்தது, பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், வெள்ளைச் சோறு, வெந்த கோழி, ரெண்டு துண்டு வெள்ளரிக்கா, "என்னடா பத்தியச் சாப்பாடு"ன்னு தோணும், ஆனா அந்தச் சோத்தைக் கோழிக் கொழுப்பு, இஞ்சி, பூண்டு போட்டு கோழி வெந்த தண்ணிலயே வடிச்சிருப்பாங்க, சோறு மட்டும் தனியா தின்னுடலாம். மேல அந்த செவப்பு மொளகா சட்னிய தாராளமா ஊத்திக்கங்க. அவிச்ச கோழி வழவழன்னு இருக்கும், புடிக்கலன்னா "ரோஸ்டட்"னு கேளுங்க. 4லேருந்து 6 வெள்ளி.

அடுத்து சீன கலந்த சோத்துக் கடை, எகானமி ரைஸ்னு சொல்லுவாங்க, இதுதான் இங்க ஏழை பாழை எல்லாருக்கும் சோறு போடுறது. கண்ணாடிக்குப் பின்னாடி இருவது முப்பது தட்டு இருக்கும், கை காட்டுனா போதும், பேசவே வேணாம். ரெண்டு காய் ஒரு கறின்னா 4, 5 வெள்ளிக்குள்ள அடங்கும். மீனையும் எறாவையும் மட்டும் வெலை கேட்டுட்டு கை காட்டுங்க, அதுலதான் பில்லு எகிறும். மலாய்க் காரங்களோட நாசி பாடாங் கடைலயும் இதே கை காட்டுற மொறைதான், அங்க கொழம்பு எல்லாம் நம்ம நாக்குக்கு ரொம்பப் பக்கம், தேங்காப்பாலும் மொளகாயுமா. நாசி லெமாக்குன்னு ஒண்ணு, தேங்காப்பால்ல வடிச்ச சோறு, நெத்திலி, கடலை, முட்டை, இனிப்புக் காரமா ஒரு சம்பால், இத காலைலயே திம்பாங்க.

இந்தியாவுல கெடைக்காத இந்தியச் சாப்பாடும் இங்க இருக்கு, அதுதான் எனக்கு ஆச்சரியம். மீ கோரெங், சீன மஞ்ச நூடுல்ஸு, பேரு மலாய், வறுக்கிறது நம்ம முஸ்லிம் கடைக்காரரு. இந்தியன் ரோஜாக்கும் அப்படித்தான், வடை, பொரிச்ச தோஃபு, உருளக்கெழங்கு, முட்டைன்னு தட்டுல நீங்களே பொறுக்கி வச்சுக் குடுத்தா சூடா நறுக்கி, வள்ளிக்கெழங்கு போட்ட ஒரு செவப்பு இனிப்புக் கொழம்போட தருவாங்க. சீனக் கடைலயும் ரோஜாக்குன்னு போட்டிருக்கும், அது சுத்தமா வேற, பழமும் காயும் எறா விழுதுல பெரட்டுனது. கேரட் கேக்குன்னு பாத்து புள்ளைக்கு வாங்கிறாதீங்க, அதுல கேரட்டும் இல்ல கேக்கும் இல்ல, முள்ளங்கியும் அரிசி மாவும் அவிச்சு முட்டை போட்டு வறுக்கிறது, உப்பு காரம், ஆனா அருமை. இடியாப்பம் "புட்டு மாயாம்"ங்கற பேர்ல தேங்காப்பூ சீனியோட வரும். சார் குவே தியோன்னா பட்டை அரிசி நூடுல்ஸை வறுத்தது, ருசியா இருக்கும், பன்னிக் கொழுப்பு போடுற கடை நெறைய, கேட்டுக்கங்க. சாத்தேன்னா குச்சில குத்திச் சுட்ட கறி, பெரும்பாலும் 10 குச்சியாத்தான் தருவாங்க, கடலைக் கொழம்பு தொட்டுக்க, கடலை அலர்ஜி இருக்குறவங்க கிட்டயே போகாதீங்க.

எங்க போறது? மொத தடவை வர்றவங்கன்னா ரெண்டு எடம் போதும். தேக்கா சென்டர், லிட்டில் இந்தியா எம்ஆர்டி (இங்க மெட்ரோ ரயிலுக்குப் பேரு) ஸ்டேஷன்ல சி வாசல்ல ஏறுனா மூஞ்சிக்கு நேரா. எல்லாரும் பிரியாணிக்குன்னு ஓடுவாங்க, நல்லாத்தான் இருக்கும், வேணாங்கல, ஆனா அதே கொட்டகைல சீனக் கடையும் மலாய் கடையும் இருக்கு, அந்தப் பக்கமும் ரெண்டு நடை நடங்க. ஞாயித்துக்கெழமை நாங்க எல்லாம் வந்துருவோம், கால் வைக்க எடம் இருக்காது, வேற நாள் பாருங்க. இன்னொண்ணு சைனாடவுன்ல மேக்ஸ்வெல். அதே பேர்ல எம்ஆர்டி ஸ்டேஷனே இருக்கு. அதே சவுத் பிரிட்ஜ் ரோட்டுல கொஞ்ச தூரத்துலதான் 1827ல ஆரம்பிச்ச மாரியம்மன் கோயில், அதுக்கு அடுத்தாப்புல ஜாமே மசூதி, மேக்ஸ்வெல்லுக்கு எதுக்க புத்தர் பல் கோயில், சாமியக் கும்பிட்டுட்டு அப்படியே சாப்பிடப் போயிறலாம். அங்க ஒரு சிக்கன் ரைஸ் கடைல கியூ வாலு மாதிரி நீண்டு கெடக்கும், எனக்கு என்ன தோணுதுன்னா வெயில்ல முக்கா மணி நேரம் நிக்கறதுக்கு ரெண்டு கடை தள்ளிப் போனா அதே ருசில தொண்ணூறு பங்கு கெடைக்கும், மீதி பத்து பங்கு போட்டோவுக்குத்தான். 2016ல இதே சைனாடவுன்ல ஒரு ஹாக்கர் கடைக்கு மிஷலின் ஸ்டார்னு பெரிய பெரிய ஹோட்டலுக்குக் குடுக்குற விருதைக் குடுத்தாங்க, அப்போ அங்க ஒரு தட்டு சோயா சாஸ் கோழிச் சோறு 2 வெள்ளிதான், வெலைக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லன்னு அதுலயே தெரியுதுல்ல.

மலாய் சாப்பாடு ஆசை தீர வேணும்னா கேலாங் சிராய் மார்க்கெட், பாய லேபார் ஸ்டேஷன்ல எறங்கி நடக்கணும். லாவ் பா சாட்னு இன்னொரு ஹாக்கர் சென்டர், ராத்திரிக்கு அழகு, எண்கோணத்துல பழைய இரும்புக் கட்டடம், பக்கத்து ரோட்டையே அடைச்சு சாத்தே சுடுவாங்க, பாக்கலாம், வெலை கொஞ்சம் கூட. டூரிஸ்ட் அதிகமா வர்ற எடங்கள்ல கைய புடிச்சு இழுக்காத கொறையா கூப்புடுவாங்க, அங்க நண்டு, மீன் எல்லாம் 100 கிராம் கணக்குல வெலை போட்டிருக்கும், முழு எடைக்கு மொத்தம் எவ்ளோன்னு வாயத் தொறந்து கேக்காம தலையாட்டக் கூடாது. நான் ஆட்டியிருக்கேன். உண்மையிலேயே சல்லிசா வேணும்னா தோ பாயோ, ஆங் மோ கியோ, பிடோக் மாதிரி ஜனங்க குடியிருக்குற பக்கம் போங்க, போர்டுல "பட்ஜெட் மீல்"னு 3, 3.50 வெள்ளிக்கு ஒரு அயிட்டம் பல எடத்துல இருக்கும். ஆபீஸ் ஏரியாவுல இருக்குற ஹாக்கர் சென்டர்ங்க சனி ஞாயிறுல பாதிக்கு மேல மூடிக் கெடக்கும், திங்கக்கெழமை லீவு விடுற கடையும் நெறைய, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கழுவுறதுக்குன்னு மொத்தமா மூடுவாங்க, ஒரே எடத்தை மட்டும் நம்பிக் கெளம்பாதீங்க.

கணக்குப் போட்டுப் பாப்போம். காலைல ரெண்டு பிராட்டா, ஒரு கோப்பி, 4.50. மத்தியானம் சிக்கன் ரைஸ் 5, கரும்புச் சாறு 2. சாயங்காலம் வெயில் தாங்காது, தேங்காப்பாலும் ஐஸும் போட்ட சென்டோல் ஒண்ணு 3. ராத்திரி எகானமி ரைஸோ நாசி லெமாக்கோ 5. ஆச்சு 19.50. வெலை கடைக்குக் கடை மாறும், அங்க இங்க ஒரு வெள்ளி ஏறலாம். தண்ணி பாட்டில் வாங்கி காசைக் கரியாக்காதீங்க, இங்க கொழாத் தண்ணியவே குடிக்கலாம், ரூம்லேருந்து ரொப்பி எடுத்துட்டு வாங்க.

சாப்பிட்டு முடிச்சதும் அப்படியே எந்திரிச்சுப் போயிராதீங்க, நம்மூரு பழக்கம் இங்க செல்லாது. 2021 செப்டம்பர் 1லேருந்து ஹாக்கர் சென்டர்ல தட்டை நீங்கதான் கொண்டு போய் வைக்கணும், மொத தடவை மாட்டுனா எழுத்துல வார்னிங், அடுத்த தடவை 300 வெள்ளி. கசக்கிப் போட்ட டிஷ்யூ, எலும்பு எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டுப் போங்க. இதுல ஒண்ணு கவனிக்கணும், தட்டு வைக்கிற ரேக் ரெண்டு இருக்கும், ஹலாலுக்குத் தனி, மத்ததுக்குத் தனி, தட்டு கலர்லயே வித்தியாசம் தெரியும். சீனக் கடைத் தட்டைக் கொண்டு போயி ஹலால் ரேக்குல வைக்காதீங்க, அத பாக்குறவங்க மனசு கஷ்டப்படும். அதே மாதிரி மலாய் கடைத் தட்டுல கொஞ்சம் எடம் இருக்கேன்னு சீனக் கடை அயிட்டத்தை அதுல மாத்தி வைக்கிறதும் வேணாம்.

கெளம்புறப்போ ஒரு கோப்பி தாபாவ் வாங்குனீங்கன்னா சில கடைல இன்னும் பிளாஸ்டிக் பையில ஊத்தி, கயிறு கட்டி, ஸ்ட்ராவ சொருகித் தருவாங்க, வெரல்ல மாட்டிக்கிட்டு நடக்குறது ஒரு தனி சொகம். ஆனா எம்ஆர்டிக்குள்ள குடிக்கக் கூடாது, தண்ணி கூட வாயில வைக்கக் கூடாது, 500 வெள்ளி வரைக்கும் ஃபைன். ஸ்டேஷன் வாசல்லயே ஓரமா நின்னு உறிஞ்சி முடிச்சுட்டு, பையக் குப்பைத் தொட்டில போட்டுட்டு உள்ள போங்க.